கடைசிச் சுவரில் ஒரு தேமல்

செஞ்சிக்கோட்டையில் இப்போது ஒரு புது முறை வந்திருக்கிறது. சுவர் கழுவும் முன் ஒரு ஆள் போய், அதில் உயிருள்ளது என்னென்ன குடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். அதன் பிறகுதான் வாளியைத் தூக்கலாம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னா மேஸ்திரி, கல்லு கழுவ வந்தமா, தவள புடிக்க வந்தமா?" என்று டீக்கடையில் என்னை மடக்கிக் கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தினாள். பெருமைகளைத் திருத்த நான் விடவில்லை.

நான் வல்லம் பக்கத்து ஆள். இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனேன். பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போனேன். நைனா செத்த வருசம் கோட்டைக்குத் தண்ணீர் தூக்க வந்தேன். குடம் தூக்கியவன் வாளி தூக்கினேன், வாளி தூக்கியவன் பிரஷ் பிடித்தேன், பிரஷ் பிடித்தவன் ஆளுக்கு ஆள் பிரஷ் எடுத்துக் கொடுக்கிற மேஸ்திரி ஆனேன். யார் சிபாரிசும் இல்லை. இந்த மலைகளில் எந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் முதலில் கறுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் கை பட்ட சுவரில் ஒரு தேமல் மிஞ்சாது என்று மூன்று ஆபீசர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது ஆபீசரும் சொல்லியிருப்பார், ஆனால் அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இந்தக் கதை அவர் காலத்தில் நடந்தது.

தேமல் என்று நாங்கள் சொல்வது கல்லின் மேல் வட்ட வட்டமாகப் படர்கிற பாசியை. சாம்பல் நிறத்தில் ஒன்று, வெள்ளையாக ஒன்று, எலுமிச்சம்பழத் தோல் மாதிரி மஞ்சளாக ஒன்று. ஆள் முதுகில் தேமல் படர்வது போலவே இருக்கும். அதை எடுப்பதுதான் என் ஆயுசு வேலை.

நாலாவது ஆபீசரின் பெயர் தேவராஜன். ரசாயனம் படித்தவர். தண்ணீர் தூக்குகிற அஞ்சலையைக்கூட "வாங்க, போங்க" என்பார். சுவர் முன்னால் வந்து நின்றால் முதலில் புறங்கையைக் கல்லில் வைப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. உள்ளங்கை காய்த்துப் போய்ப் பொய் சொல்லுமாம், புறங்கை சொல்லாதாம். அப்புறம் முகர்ந்து பார்ப்பார். கல்லை, வாளியை, துடைத்த துணியை, எல்லாவற்றையும். "மேஸ்திரி, கண்ணு சீக்கிரம் ஏமாறும். மூக்கு கொஞ்சம் லேட்டா ஏமாறும்" என்பார். முடிவு சொல்லும் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் துண்டால் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

வேலை இப்படி. முதலில் யாரும் பார்க்காத ஒரு மூலையில் கையகலம் கட்டம் கட்டி, அதில் மட்டும் செய்து பார்க்கவேண்டும். காய்ந்த கல்லில் மெத்தென்ற பிரஷ். கம்பி பிரஷ் எடுத்தவனுக்கு அன்றோடு வேலை முடிந்தது. பிறகு வெறும் தண்ணீர். அதற்கும் போகாவிட்டால் அம்மோனியா கலந்த தண்ணீரும் சோப்புக் கரைசலும். மருந்து தடவுவது கீழிருந்து மேலே. மேலிருந்து தடவினால் கண்ணீர் வழிந்த மாதிரி கோடு விழும், அந்தக் கோடு என்ன செய்தாலும் போகாது. அலசுவது மேலிருந்து கீழே. அலசி முடித்ததும் ஆபீசர் நிறம் மாறுகிற தாள் ஒன்றை ஈரக்கல்லில் ஒட்டுவார். தாள் நிறம் மாறினால் இன்னும் அலசு. தாள் மாறாமல் நிற்கிற வரைக்கும் அலசினால்தான் மருந்து கல்லை விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். "கல்லை விட்டுப் போனது எங்க போச்சு?" என்று நான் கேட்டதில்லை. கீழே போயிற்று, அவ்வளவுதான்.

கேட்டவள் என் மருமகள்.

மகேஸ்வரி தொண்டூர்ப் பெண். என் மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். இவள் கல்லூரியில் மேல்படிப்பில் கடைசி வருசம் இருந்தபோது கல்யாணம் நடந்து படிப்பு நின்றது. அதற்கு நான்தான் முதலில் வருத்தப்பட்டேன், ஏனென்றால் எம்.எஸ்ஸி மருமகள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தேன். கல்லூரியில் போய் நின்று பேசி மறுபடி சேர்த்துவிட்டேன். பரீட்சையெல்லாம் எழுதி முடித்துவிட்டாள். பாக்கி ஒரே ஒரு ஆய்வு வேலை. ஒரு லைக்கனும் ஒரு தவளையும் எடுத்துக்கொண்டு மூன்று விதமாக ஒப்பிட வேண்டும். அவை உயிர்களில் எந்த வகை, எங்கே வாழ்கின்றன, அழிகிற நிலையில் இருக்கின்றனவா இல்லையா. புத்தகத்தைப் பார்த்து எழுதக்கூடாது, கண்ணால் பார்த்து எழுதவேண்டும் என்று அவளுடைய மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த லைக்கன் வேறொன்றும் இல்லை, நம்ம தேமல்தான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சோறு போடும்போது என் பெண்டாட்டி முனியம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

"இன்னாடி அது, பிரியாணிக்குப் போடறமே கல்பாசி, அதுவா?"

"அதுக்குச் சொந்தக்காரங்க அத்தை. அது மரத்துல இலை மாதிரி இருக்கும். இது கல்லோட ஒட்டிக்கினு கெடக்கும்."

"செடியா?"

"செடி இல்ல. அது ஒரு உயிரே இல்ல அத்தை, ரெண்டு. பூஞ்சை ஒண்ணு, பாசி ஒண்ணு. பூஞ்சை வீடு கட்டும், தண்ணிய புடிச்சு வெக்கும். பாசி உள்ள இருந்துக்கினு வெயில்ல சமைக்கும். ரெண்டும் சேந்து சாப்பிடும். தவளை அப்படி இல்ல, ஒண்டிக்கட்டை. முதுகெலும்பு இருக்குது, மீனுக்கும் பல்லிக்கும் நடுவுல ஒரு கூட்டம், தண்ணியிலயும் தரையிலயும் வாழறது. அதுல வாலு இல்லாத வகை."

"சரி, ரெண்டு பேரு சேந்ததுக்குப் பேரு எப்படி வெப்பாங்க?"

"பூஞ்சையோட பேருதான் வெப்பாங்க."

முனியம்மாள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "அதான பாத்தேன். ஆக்கிப் போடறது ஒருத்தி, பேரு வீடு கட்டனவனுக்கு. கல்லு மேலயும் இதே கததான்."

நான் ரசம் கேட்டேன். வரவில்லை.

கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரி ஏறுகிற வழியில், பாதிக்குக் கீழேயே வலது பக்கம் ஒதுங்கினால் பாறைக்குழியில் ஒரு சிறு சுனை. அதன் மேல் பழைய சுவர் ஒன்று, சுண்ணாம்புப் பூச்சு பூசினது. அதில் இருந்த மஞ்சள் தேமல் ஒன்றை மகேசு பிடித்துக்கொண்டாள். தட்டு அகலம். ஓரம் மட்டும் ஆரஞ்சு. கண்ணாடிக் காகிதத்தை அதன் மேல் வைத்து மாசாமாசம் ஓரத்தை வரைந்து வருவாள். பழைய காகிதத்தை மேலே வைத்துப் பார்ப்பாள். ஒரு மயிரிழைகூட நகர்ந்திருக்காது.

"இதுக்கா இவ்ளோ தூரம் ஏறி வர்ற?" என்றேன்.

"மாமா, இந்த அகலம் வர்றதுக்கு உங்க வயசு ஆயிருக்கும். நீங்க பொறந்தப்ப இதுவும் பொறந்திருக்கும்."

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. என் வயதுக்காரர்கள் எத்தனை பேரைச் சுரண்டியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

தவளைக்கு அந்தச் சுனைதான் இடம். மரத்தேரை என்று சொல்வோமே, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மையே பார்க்குமே, அது. பகலில் கல் சந்தில் கை கால் மடக்கி உட்கார்ந்திருக்கும். மழை பெய்தால்தான் சுனைக்கு வந்து முட்டையிடும். முட்டையையும், அதிலிருந்து குஞ்சு வெளியே வருவதையும் கண்ணால் பார்த்தால்தான் அவள் வேலை முடியும். அதற்குள் அவள் முழுகாமல் இருந்தாள். வயிறு முன்னே வர ஆரம்பித்ததும் மலை ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்னொரு சிக்கல், வளைகாப்பு. தொண்டூரிலிருந்து சம்பந்தியம்மா வந்து வளையல் அடுக்கி மகளை அழைத்துப் போய்விடுவார். பிறகு பிரசவம், கைக்குழந்தை. ஆய்வைக் கொடுக்கிற கெடு அதற்குள் போய்விடும், இன்னொரு தடவை சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. மழை வந்தபாடில்லை.

"நான் பாத்துச் சொல்றேன். எனக்குக் கண்ணு இல்லையா?" என்றேன். அன்றிலிருந்து அவள் கால் நான்.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள், ஏறுகிற வழியில் கண்ணில் படுகிற சுவர்களெல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். அந்த வரிசையில் சுனைக்கு மேலே இருக்கிற சுவரும் உண்டு. நான் ஓய்வு பெறப்போகிற மாதம் அது. அதுதான் என் கடைசிச் சுவர் என்று எல்லாருக்கும் தெரியும். "கண்ணாடி மாதிரி பண்ணிட்டுத்தான் எறங்குவேன்" என்று நானே டீக்கடையிலிருந்து அனந்தபுரம் சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். மகேசு வாழைப்பூ ஆய்வதை நிறுத்தவில்லை.

"கழுவுங்க மாமா. கடைசி காயிதம் மட்டும் வரையாம போச்சு. பரவால்ல, போட்டோ இருக்குது."

"மேடம் ஒத்துக்குமா?"

"தேமலுக்கு ஒத்துக்குவாங்க. தவளைக்குத்தான்..." என்று நிறுத்தினாள். "நீங்க கழுவற தண்ணி எங்க மாமா போவுது?"

"கீழ."

"கீழ சுனைதான மாமா இருக்குது."

இத்தனை வருசம் கீழே என்பது எனக்கு ஒரு இடமாகவே இருந்ததில்லை.

"தவளைக்கும் தேமலுக்கும் இன்னா ஒத்துமைன்னு மேடம் ஒரு கேள்வி வெச்சிருக்காங்க" என்றாள். "ஒண்ணு விலங்கு, ஒண்ணு பூஞ்சையும் பாசியும். ஒண்ணு தண்ணிக்கு அலையுது, ஒண்ணு வெயில்ல பனி குடிச்சுக்கினு உக்காந்திருக்குது. எதுலயும் ஒத்து வராது. ஒண்ணுல மட்டும் ஒத்து வரும் மாமா. ரெண்டுக்கும் தண்ணி குடிக்க வாய் வேணாம். ஒடம்பு பூரா தோலாலயே குடிக்கும். வெளிய இருக்கறது நல்லதா கெட்டதான்னு பாக்காது, அப்படியே உள்ள எடுத்துக்கும்."

அன்று சாயந்திரம் பெரிய மழை பெய்தது. அவள் ஜன்னலில் நின்றாள். நான் படுத்தபடி மழையைக் கேட்டேன்.

மறுநாள் காலை சுனைச் சுவருக்குப் போனோம். சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோதே எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மஞ்சள் தேமலுக்கு ஒரு முழம் கீழே, சுனைத் தண்ணீருக்கு நேர் மேலே, சுவரில் வெள்ளை வெளேரென்று சோப்பு நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய உருண்டை. அலசாமல் விட்ட நுரை கல்லில் காய்ந்தால் வெள்ளைப் பூ பூக்கும். என் வேலையில் அதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை.

"யே அஞ்சலை! நேத்து மூலையில கட்டம் கட்டிப் பாக்கச் சொன்னா, நுரைய அலசாம உட்டுட்டு வூட்டுக்கு ஓடிட்டியா? என் கடைசி செவுத்துலயா உன் வேலையக் காட்டற?"

அஞ்சலை என்னோடு இருபது வருசம் தண்ணீர் சுமந்தவள். எனக்கு அடங்குகிற ஆள் இல்லை. "யோவ் மேஸ்திரி, கண்ணு அவிஞ்சு போச்சா? நேத்து வெறும் தண்ணியிலதான் பாத்தேன். சோப்பு டப்பா இன்னும் மூடியே தொறக்கல. இந்தா பாரு."

டப்பாவைப் பார்த்தேன். மூடி அப்படியே இருந்தது. ஆனாலும் கையில் குவளை எடுத்துவிட்டேன். ஊற்றி அலசிவிட்டுப் பிறகு சண்டையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குவளையை ஓங்கினவன் பழக்கத்தில் குனிந்து ஒருமுறை முகர்ந்தேன். ஆபீசரோடு இருந்து தொற்றின வியாதி அது. அம்மோனியா வாசம் இல்லை. சோப்பு வாசமும் இல்லை. மழை விழுந்த மண் வாசம், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு வாசம்.

அஞ்சலையைப் போனைப் பிடிக்கச் சொல்லி மகேசுவை வீடியோவில் கூப்பிட்டேன்.

"மாமா, கிட்ட காட்டுங்க. இன்னும் கிட்ட." அவள் முகம் திரை முழுக்க வந்தது. "மாமா! மாமா, அந்தக் குவளைய கீழ வைங்க!"

"இன்னாம்மா?"

"கீழ வைங்கன்றேன் இல்ல! அது நுரை இல்ல, கூடு. தேரை ரெண்டும் சேந்து காலால அடிச்சு அடிச்சு நுரையாக்கி, அதுக்குள்ள முட்டை வெச்சிருக்குது. வெளிய காஞ்சு ஓடு கட்டும், உள்ள ஈரமா இருக்கும். குஞ்சுங்க அதுக்குள்ளயே பொரிஞ்சு, நேரா கீழ தண்ணியில விழும். அதான் தண்ணிக்கு மேலயே கட்டியிருக்குது."

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "பாத்தியா மேஸ்திரி. நீ நுரைன்னு அலச வந்த, அது புள்ள பெத்து வெச்சிருக்குது." பிறகு போனைப் பார்த்து, "யம்மா மகேசு, நீயும் பத்தரமா இரு, உன் மாமனாரு கையில குவளை இருக்குது" என்றாள். போனில் மகேசு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்று பிறகு முனியம்மாள் சொன்னாள்.

ஆபீசர் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் புறங்கையைச் சுவரில் வைத்தார். நுரைக்கூட்டை முகர்ந்தார். பிறகு என் போனை வாங்கி, மகேசுவிடம் அவரே பேசினார்.

"அம்மா, இந்தத் தவளை அழிஞ்சுபோற வகையா?"

"இல்ல சார். உலகப் பட்டியல்ல இதுக்குக் கவலைப்பட வேண்டியதில்லைன்னுதான் போட்டிருக்குது. நெறய இருக்குது."

"அந்த மஞ்சள் லைக்கன்?"

"அதை யாரும் இன்னும் பாக்கவே இல்ல சார். மதிப்பிடப்படலைன்னு இருக்கும். இருக்குதா, கொறையுதான்னு சொல்ல ஆள் இல்ல."

"ஒண்ணுக்குக் கவலை இல்ல. இன்னொண்ணுக்குக் கவலைப்பட ஆளே இல்ல" என்றார் ஆபீசர், தனக்கே சொல்கிற மாதிரி. "கூடு எத்தனை நாள் ஆகும்மா?"

"அஞ்சாறு நாள் சார். மழை விழுந்தா சீக்கிரம்."

"சரி, அதுவரைக்கும் இந்தப் பக்கம் மருந்து வேணாம். மீதி சுவர்ல வெறும் தண்ணி, பிரஷ். வழியறது சுனைக்குப் போகாம களிமண் வரப்பு கட்டித் திருப்பி விடுங்க." இது கூட்டுக்கு. அடுத்தது தேமல். அதை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க, அதன் ஓரத்தில் விரல் நகம் அளவு இடத்தில் ஈரப்பஞ்சை ஒற்றினார். ஊறவிட்டார். மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பினார். தேமல் வந்தது. அதோடு சுண்ணாம்புப் பூச்சும் தோல் மாதிரி உரிந்து வந்தது. இன்னொரு ஓரத்தில் பார்த்தார். அங்கேயும் அப்படியே. பூச்சைத் தேமல்தான் பிடித்து வைத்திருந்தது.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

"மேஸ்திரி, விதிப்படி இதை விடலாம். நான் கையெழுத்துப் போடறேன். ஆனா வர்றவங்க விதியைப் பார்க்க மாட்டாங்க. நடு சுவர்ல மஞ்சளா ஒரு தட்டு தெரியும். மேஸ்திரி ரிட்டயர் ஆகற அவசரத்துல முடிக்காம போயிட்டான்னு சொல்வாங்க. சுவர் உங்களோடது. பூச்சுக்குக் கீழ பசை விட்டு ஒட்டிட்டு தேமலை எடுக்கவும் ஒரு வழி இருக்கு, பூச்சு ஒரு பாதி தப்பிக்கும். நீங்க சொல்லுங்க."

அந்தப் பசை வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பாதி என்று அவர் சொன்னதை முக்கால் ஆக்கிக் காட்டியிருப்பேன், பொய் இல்லை. கண்ணாடி மாதிரி என்று ஊரெல்லாம் வேறு சொல்லி வைத்திருந்தேன். அஞ்சலை என்னைப் பார்த்தாள். போனில் இருந்த மகேசு விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. கழுவுங்க மாமா என்று முன்பே சொன்னதை மாற்றிக்கொள்கிற பெண் அவள் இல்லை.

நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். என் வயசு அதற்கு.

"விட்டுடலாம் சார். கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகும்போது, "மேஸ்திரி, உங்க கை பட்ட சுவர்ல..." என்று தொடங்கி, முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவரிடம் எனக்கு அதிகபட்சமாகக் கிடைத்த பாராட்டு அதுதான்.

வரப்பு கட்டி மீதிச் சுவரை முடித்தோம். தினமும் காலையில் நான் மட்டும் தனியாகப் போய்க் கூட்டைப் பார்ப்பேன். வெள்ளை மங்கி மஞ்சளாகி, மேலே ஓடு கட்டியது. உள்ளே ஏதோ அசைவது தெரியும். குஞ்சு மட்டும் விழவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே மகேசு வாசலைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். வளைகாப்பு நாள் வந்தேவிட்டது.

அன்று விடிந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் சம்பந்தியம்மா குடும்பம் வந்து இறங்கிவிட்டது. அஞ்சு வகை சாதம் கிண்டுகிற வாசனை. "இன்னிக்குக் கூடவா மலைக்கு?" என்று முனியம்மாள் கரண்டியோடு வந்தாள். அவள் கண்ணில் படாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுனையில் குடையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழைத்துளி ஓட்டில் பட்டு ஊறிக்கொண்டிருந்தது. கூட்டின் அடிப்பக்கம் தொங்கிப்போய், நூல் மாதிரி ஒழுகிற்று. அந்த ஒழுக்கில் கறுப்பாகக் கடுகு மாதிரி ஒன்று வந்து கொஞ்ச நேரம் தொங்கியது. வாலை ஒரு வெட்டு வெட்டியது. தண்ணீரில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்து. விழுந்த உடனே ஒவ்வொன்றும் நீந்தத் தெரிந்த மாதிரி பாறை நிழலுக்குப் போயிற்று. நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். படம் ஆடக்கூடாது என்று முழங்கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டேன். இத்தனை வருசம் சாரத்தின் மேல் நின்றவன், ஒரு கடுகு விழுவதைப் பிடிக்கக் குடையைக் கீழே போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பெண்கள். நடுவில் மகேசு, கன்னமெல்லாம் சந்தனம், இரண்டு கையும் நீட்டி. ஆம்பளைக்கு அங்கே வேலையில்லை என்று முனியம்மாள் தடுப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். நனைந்த வேட்டியோடு.

"மாமா?" என்றாள்.

"விழுந்துச்சும்மா."

போனை அவள் முன்னால் பிடித்தேன். கை நிறைய வளையல், போனைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கடுகு தொங்கி விழுந்தபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். வளையல் குலுங்கியது. நலங்கு வைக்க வந்த பெண்களெல்லாம் அவள் தோள் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது, வளகாப்புல தவளையப் பாக்கற?" என்றார் சம்பந்தியம்மா.

அஞ்சலையும் அழைப்பின் பேரில் வந்திருந்தாள். "நல்ல சகுனம்தான் யம்மா. மழை நேரத்துல நல்லபடியா எறங்கிச்சு இல்ல? இவளுக்கும் அப்படியே எறங்கும்" என்றாள். கூடமே சிரித்தது. முனியம்மாள் மட்டும் என் நனைந்த தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள். நாலு பேர் எதிரில் அவள் அப்படிச் செய்தது அது ஒரு தடவைதான்.

தொண்டூருக்குப் போகும் வேனில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை எழுதியிருக்கிறாள். அம்மா வீட்டிலிருந்தே அனுப்பிவிட்டாள். ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வுக்குக் கைக்குழந்தையோடு போனாள். அப்போது ஒரு கேள்வி. மதிப்பிடப்படாத உயிர் என்று எழுதியிருக்கிறாயே, அந்த லைக்கனை இப்போது யார் பாதுகாக்கிறார்கள் என்று கேட்டார்களாம். "எங்க மாமா" என்றாளாம். சிரிக்கவில்லையா என்று கேட்டேன். ஒருத்தர் சிரித்தார், மேடம் சிரிக்கவில்லை என்றாள். இப்போது அவள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் விலங்கியல் டீச்சர்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். ஆனால் ஊர் விடவில்லை. "இன்னா மேஸ்திரி, கண்ணாடியில கறை இருக்குதே" என்று டீக்கடையில் ஒரு மாதம் பேசினார்கள். கழுவும் முன் உயிர் பார்த்து வருகிற முறையை ஆபீசர் கொண்டுவந்தது அந்தச் சுவருக்குப் பிறகுதான். இப்போதும் வாரம் ஒரு தடவை பேத்தியைத் தூக்கிக்கொண்டு சுனை வரைக்கும் ஏறுகிறேன். கண்ணாடிக் காகிதத்தை வைத்துப் பார்க்கிறோம். சென்ற மழைக்குப் பிறகு ஓரம் ஒரு பக்கம், நகத்தின் வெள்ளை அளவு நகர்ந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன். மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. பேத்தி ஒத்துக்கொண்டாள்.

இந்த மலைகளில் நான் கழுவின சுவர்கள் எல்லாம் வெயிலில் நிற்கின்றன. அவ்வளவு அழகாக இருந்தும் ஒருத்தர்கூட நின்று, இதைக் கழுவினது யார் என்று கேட்டதில்லை. சுனைச் சுவருக்கு மட்டும் ஏறுகிறவர்கள் நின்று கேட்கிறார்கள், நடுவில் மஞ்சளாக இதை விட்டது யார் என்று.

நான் பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து நிற்பேன். நான்தான் என்பேன்.